கடன் ஊன்ற நிலம்: மலாக்காத் தோட்டத் தமிழரும் குறுங்கடனும்

1. கேள்வி

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் செல்லும் கடலோரச் சாலையில் இருக்கிறது கிளேபாங். கடலைத் தூர்த்து எடுத்த நிலம், விடுமுறை நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத ‘கோக்கனட் ஷேக்’ கடைகள், காட்சிக்கு நிற்கும் பழைய நீர்மூழ்கிக் கப்பல் என்று வெளியூரார் அறிந்த கிளேபாங் இவ்வளவுதான். இங்கே தோட்டம் இல்லை. ஆனால் 1896இல் டான் சாய் யான் என்ற பெரானாக்கான் சீன வணிகர் மலாயாவின் முதல் வணிகமுறை ரப்பர்த் தோட்டத்தைப் போட்டது இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான். அடுத்து புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அது விரிந்தது. தெபோங், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, சுங்கை பாரு, செர்காம் என்று மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளில் பெரும்பாலோர் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள். அவர்களின் பெற்றோர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறார்கள், பூ கட்டுகிறார்கள், தைக்கிறார்கள்.

இத்தகைய குடும்பங்களை நோக்கி 2024இல் மலேசிய அரசு சில கடன் திட்டங்களை அறிவித்தது. இந்தியப் பெண்களுக்காகக் குறுங்கடன் அறக்கட்டளையான அமானா இக்தியார் மலேசியா வழியாக 5 கோடி வெள்ளியில் (ரிங்கிட்) ‘பெண்’ திட்டம். அரசின் தெக்குன் நேஷனல் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்காக நடத்திவந்த ‘ஸ்புமி’ கடனுக்குக் கூடுதலாக 3 கோடி வெள்ளி. நாளேடுகள் வரவேற்றன. தாமதமாக வந்த நியாயம் என்ற அளவில் நானும் வரவேற்கிறேன். ஆனால் அறிவிப்பு மேடைகளில் ‘வறுமை ஒழிப்பு’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. அங்கேதான் ஆய்வு தேவைப்படுகிறது.

குறுங்கடன் வறுமையைக் குறைக்குமா என்ற பொதுக் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே ஓரளவு பதில் கண்டிருக்கிறது. இக்கட்டுரையின் கேள்வி அதைவிடக் குறுகியது. தோட்டத் தமிழரின் வறுமை எத்தகையது, அதன் எந்தப் பகுதியைக் குறுங்கடன் தொடும், எந்தப் பகுதியைத் தொடாது? என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த வறுமையின் மையம் கைப்பணத் தட்டுப்பாடு அன்று, உடைமையின்மை. கையில் நிலமும் வீடும் உள்ளவருக்குக் கொடுக்கப்படும் கடனும் இரண்டும் இல்லாதவருக்குக் கொடுக்கப்படும் கடனும், தொகை ஒன்றாக இருந்தாலும், ஒரே பலனைத் தருவதில்லை.

2. இதுவரை அறியப்பட்டவை

வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976இல் தொடங்கிய சோதனையும், 1983இல் முழு வங்கியான கிராமீனும் குறுங்கடனுக்கு உலகப் புகழ் தேடித் தந்தன. 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது ஐயப்பட்டவர்கள் சிறுபான்மையினர். நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2010 ஆகஸ்டில் ஐதராபாத்தின் எஸ்.கே.எஸ். நிறுவனம் பங்குச் சந்தையில் கோடிகளைத் திரட்டியது. அக்டோபரில், கடன் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் சூழ, ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து குறுங்கடன் நிறுவனங்களின் கையைக் கட்டியது. இலங்கையில் போர் முடிந்த வடக்கு, கிழக்கிலும் வறட்சி மாவட்டங்களிலும் பெண்கள் கடனைக் கடனால் அடைக்கும் நிலைக்கு வந்தார்கள். 2018இல் அரசு பன்னிரண்டு மாவட்டப் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 விழுக்காடு உச்சவரம்பும் விதித்தது. 35 விழுக்காடு என்பது நிவாரணத்தின் பகுதி என்றால் அதற்கு முன் நிலவியதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரு தரப்பின் ஆவேசத்துக்கும் இடையே அமைதியான சான்று ஒன்று 2015இல் வந்தது. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகள் ஒரே இதழில் வெளியாயின. பானர்ஜி, கார்லன், சின்மன் மூவரும் எழுதிய முன்னுரையின் சாரம் இது: பலன் உண்டு, ஆனால் சிறிது, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் பலன் இல்லை. ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்த ஆய்வில், ஏற்கெனவே ஓரளவு நன்றாக ஓடிய தொழில்களே மேலும் லாபம் கண்டன. குடும்பத்தின் மொத்தச் செலவிலோ பிள்ளைகளின் படிப்பிலோ பெண்களின் முடிவெடுக்கும் உரிமையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

நம் கேள்விக்கு நெருக்கமானது மொராக்கோ ஆய்வு. அங்கே கிராமத்தில் கடன் வாங்கியவர்கள் கால்நடையும் பயிரும் பெருக்கினார்கள், சொந்தத் தொழில் வருமானம் ஏறியது. கூடவே வெளியே கூலிக்குப் போவது குறைந்தது. ஏறியதையும் இறங்கியதையும் கழித்துப் பார்த்தால் குடும்பத்தின் மொத்த வருமானம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் கடை போடலாமா என்று யோசிக்கும் ஒரு மலாக்காக் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

அதே 2015இல் இன்னொரு ஆறு நாட்டு ஆய்வு, மிக வறியவர்களுக்குக் கடனாக இல்லாமல் உடைமையாகவே ஆடு, மாடு போன்றவற்றைக் கொடுத்து, சில மாதம் சாப்பாட்டுச் செலவும் பயிற்சியும் சேமிப்பு வசதியும் சேர்த்துத் தந்ததன் விளைவைப் பார்த்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தும் பலன் நிலைத்தது. இரண்டு ஆய்வுத் தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால், கடனைவிட உடைமை முந்துகிறது என்று தோன்றுகிறது. மலேசியாவின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

3. தோட்டத்துக்குக் கடன் புதிதன்று

தொடக்க காலத்தில் தோட்டத் தமிழன் மலாயாவுக்கு வந்ததே கடனில்தான். ஒப்பந்தக் கூலி முறையிலும், ஆள் சேர்க்கும் கங்காணி முறையின் தொடக்கத்திலும், முன்பணமும் கப்பல் செலவும் அவன் கணக்கில் நின்றன.   வந்த இடத்தில் கடைக்கடன். சம்பள நாளன்று கடைக்காரர் நோட்டைத் திறந்தால் பாதி சம்பளம் அங்கேயே போய்விடும்.

மலாக்காவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் எனும் செட்டியார்கள் வேர்விட்டிருந்தார்கள். சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் நகரத்தார் எடுக்கும் மாசி மகம் இன்றும் அதற்குச் சாட்சி. ஆனால் அவர்களுடைய கடன் பெரும்பாலும் நிலப்பத்திரம் உள்ளவருக்கும் வணிகருக்கும் மாதச் சம்பள அரசு ஊழியருக்கும் போனது. லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்த தொழிலாளியிடம் அடகு வைக்கப் பத்திரம் ஏது? வட்டிக்கடைக்காரர்களை ஏழைத் தமிழரின் இரத்தம் உறிஞ்சியவர்களாக மட்டும் காட்டும் எழுத்து நம்மிடையே நிறைய உண்டு. தோட்டத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மையாகாது. முறையான வட்டித் தொழில் தோட்டத் தொழிலாளியைக் கடனாளியாகக்கூட ஏற்கவில்லை.

அரசு தன் பங்குக்குச் சேமிப்பைக் கற்பித்தது. 1922இல் கூட்டரசு மலாய் மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் வந்தபின், தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் பெருகின. சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும், ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பப்போகிறவன் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்ட அமைப்பு அது. மலாயாவில் அவனுக்கு ஓர் உடைமை உண்டாக வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

தொழிலாளர்கள் தாங்களே நடத்திய நிதி அமைப்பு கூட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு தொகை போட்டு, ஏலத்திலோ குலுக்கலிலோ முறைவைத்தோ ஒருவர் மொத்தத்தை எடுப்பார். தாலிக்குத் தங்கம், காதுகுத்து, பள்ளிச் செலவு, கருமாதி எல்லாம் அதில் நடந்தன. பக்கத்து வீட்டாரின் முகம்தான் பிணை. 1971இல் மலேசிய நாடாளுமன்றம் கூட்டு நிதி தடைச் சட்டத்தை இயற்றியது. கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், சீனரின் ஹுவே எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அவற்றைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்கியது. மோசடிகள் நடந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தமிழ்நாடு 1961இலேயே சீட்டு நிதிகளுக்குத் தனிச் சட்டம் போட்டுப் பதிவும் கண்காணிப்பும் வைத்து ஒழுங்குபடுத்தியது. இந்திய நடுவண் அரசு 1982இல் அதையே செய்தது. மலேசியா தடை செய்தது. லயத்தில் கூட்டு நின்றுவிடவில்லை. புகார் செய்ய வழியில்லாத இடத்துக்கு அது நகர்ந்தது, அவ்வளவே. ஏமாந்தவர் காவல் நிலையம் போகத் தயங்குவார், தானும் அதில் இருந்தவர் என்பதால்.

அந்தத் தடைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஐந்து பேர் குழு, வாராந்தரக் கூட்டம், முகமே பிணை என்ற அதே கொள்கை வங்கதேசத்திலிருந்து ஆய்வுத் திட்டமாக இறக்குமதியானது.

4. இக்தியார் எந்தத் தரையில் நின்றது

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும் 1986இல் வடமேற்கு சிலாங்கூரில் ‘ப்ரொஜெக் இக்தியார்’ என்ற சோதனையைத் தொடங்கினார்கள். 1987 செப்டம்பரில் அது அமானா இக்தியார் மலேசியா என்ற அறக்கட்டளையானது. வட்டி இல்லை, நிர்வாகக் கட்டணம் மட்டும். கடன் திரும்பி வரும் விகிதம் ஏறத்தாழ முழுமையானது. கிராமீனை வெளிநாட்டில் நகலெடுத்தவற்றுள் இது முன்னோடி.

கட்டணம் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000 வெள்ளிக் கடனுக்கு 10 விழுக்காடு கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 50 வாரம், வாரம் 22 வெள்ளி. முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாகக் கையில் இருப்பது பாதித் தொகைதான். ஆகவே உண்மையான ஆண்டுச் செலவு 20 விழுக்காட்டை ஒட்டி வரும். வட்டி முதலைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு, ஐயமில்லை. ஆனால் உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய சட்டப்படியான உச்சம் ஆண்டுக்கு 18 விழுக்காடு என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இக்தியாரின் பெண் உறுப்பினர்கள் முன்னேறினார்கள் என்பதைப் பல மதிப்பீடுகள் ஏற்கின்றன. நான் கேட்பது வேறு. அவர்கள் யார்? பெரும்பாலும் கம்போங் எனும் மலாய்க் கிராமங்களின் பெண்கள். அந்தக் கம்போங்கில் அதற்கு முன்பே அரசு வந்து போயிருந்தது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா நிலக் குடியேற்றம், சிறு தோட்டக்காரருக்கு ரப்பர் மறுநடவு மானியம், சாலை, மின்சாரம், கிராமப் பள்ளி, மருந்தகம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் வறுமை 49.3 விழுக்காடு, கிராமப்புறத்தில் 58.7. 1990இல் நாட்டளவில் அது சுமார் 17ஆகக் குறைந்தது. இக்தியார் முளைவிட்டது இந்த வீழ்ச்சியின் கடைசி நான்கு ஆண்டுகளில்தான். நிலமும் வேலைவாய்ப்பும் கல்வியும் செய்த பணியைக் கடனின் கணக்கில் எழுத முடியாது.

தோட்டம் கிராமப்புறத்தில் இருந்தது. ஆனால் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் வாசலில் நின்றுவிட்டன. தோட்டம் தனியார் நிலம், குடிநீரும் மின்சாரமும் வீடும் முதலாளியின் பொறுப்பு என்பது அரசின் நிலை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. மாடு வளர்க்கவும் காய்கறி போடவும் நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டால் முடியும், கண்ணைத் திறந்தால் முடியாது. அண்டை அயல் நெருக்கம், ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் என்ற வகையில் பார்த்தால் குழுக்கடனுக்கு லயத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கடன் ஊன்றி நிற்கக் காலடி நிலம்தான் இல்லை. குடியுரிமையைக் காட்டும் நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம்கூட இல்லை. அந்தச் சிக்கல் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

5. பத்து வெள்ளி

இந்த இடத்தில்தான் 1960இல் தொடங்கிய ஒரு முயற்சி முக்கியமாகிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் லயமும் ஒருசேரப் போன தொழிலாளர்களின் நிலையை அப்போது பொருளியலாளர் உங்கு அப்துல் அஜீஸ் தோட்டத் துண்டாடல் பற்றிய தம் ஆய்வில் ஆராய்ந்தார். இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவரும் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு வேறொரு விடை தந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல.

இதைக் குறுங்கடன் வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பேன். சிறு தொகை, தவணை, பிணையில்லாத ஏழைகள், ஒருவரை நம்பி ஒருவர் என்று கருவிகள் அனைத்தும் அவையே. வேறுபாடு பணம் ஓடும் திசையில். குறுங்கடனில் நிறுவனத்தின் பணம் ஏழையிடம் வந்து கட்டணத்தோடு திரும்புகிறது. இங்கே ஏழைகளின் பணம் சேர்ந்து நிலமானது. கடன் வாங்கிய பெண் தோற்றால் தோல்வி அவளுடையது. சங்கத்தில் நட்டமும் லாபமும் பகிரப்பட்டன.

இதைப் புனிதமாக்கவும் கூடாது. தோட்டம் சங்கத்தின் பெயரில் வந்தபின்னும் உறுப்பினர் பால் மரம் வெட்டும் கூலியாகவே இருந்தார். நிர்வாகம் தலைநகரிலிருந்து நடந்தது. துண்டாடப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியைத்தான் சங்கத்தால் காப்பாற்ற முடிந்தது. ஆனால் சங்கம் இன்றும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது.

பின்னர் வந்த மைக்கா ஹோல்டிங்ஸ் அதே உணர்வைப் பயன்படுத்தியது. 1980களின் முற்பகுதியில் ம.இ.கா. ஆதரவில் ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 லட்சம் வெள்ளி திரண்டது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களின் கதை எந்தத் தோட்டத்திலும் கேட்கக் கிடைக்கும். கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பின் 2010இல் பங்குக்கு 80 சென் விலையில் வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தபோது, ஒரு வெள்ளி போட்டவர்கள் அதையே நிம்மதியாக ஏற்றார்கள். சம்பந்தன் காலத்துப் பத்து வெள்ளி கண்ணுக்குத் தெரியும் மரமாக நின்றது. மைக்காவின் வெள்ளி இயக்குநர் அறைக்குள் போனது. ஏழைகள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சு இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் தொடர்வது வியப்பு. சேமிப்பை யார் கணக்குப் பார்ப்பது என்பதே சிக்கலாக இருந்திருக்கிறது.

தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்த கடன் சங்க இயக்கத்தினர் இதை உணர்ந்திருந்தார்கள். சிலாங்கூரில் வேரூன்றிய கொப்பராசி கிரெடிட் ரக்யாட் போன்ற அமைப்புகள் முதலில் சிறு குழுவாகச் சேமிப்பு, பிறகே கடன் என்ற வரிசையைக் கடைப்பிடித்தன. சேர்ந்த பணத்தின் கணக்கு உறுப்பினர் முன்னிலையில் படிக்கப்பட்டது. விளம்பரம் இல்லாததால் இவை பற்றிய எழுத்தும் குறைவு.

6. தோட்டத்துக்குப் பின்

1980க்கும் 2000க்கும் இடையே சுமார் 3 லட்சம் இந்தியர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டதாகப் பொதுவாகக் கணக்கு சொல்வார்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனை வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் ஆனது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம். 2003இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை மாத ஊதியம் 350 வெள்ளி. அந்த அடிப்படையை மட்டும் வைத்து, இருபது ஆண்டு உழைத்தவருக்குக் கணக்கிட்டால் சுமார் 4,600 வெள்ளி வரும். மலிவு விலை வீட்டின் விலையோ குறைந்தது 25,000 வெள்ளி. இடைவெளியை ஊழியர் சேமநிதி ஓரளவு நிரப்பியது. மற்றதை நிரப்பியது கடன். தாமான் வாழ்க்கை கடனிலேயே தொடங்கியது.

அந்தக் குடும்பத்திடம்தான் இன்று தொழில்கடன் வருகிறது. அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். தையல் இயந்திரமோ பெரிய அடுப்போ வாங்க, தீபாவளிக்கு முன் மாவும் நெய்யும் மொத்தமாக எடுக்க, எல்லாவற்றையும்விட ஆலோங் எனப்படும் வட்டி முதலையிடம் போகாமல் தப்பிக்க அது உதவும். ஏற்கெனவே வாடிக்கை பிடித்த பெண்ணுக்கு அது கூடுதலாகவே உதவும். ஐதராபாத்தில் கண்டதும் அதுவே. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் நுழையும் சந்தை நெருக்கமானது. கிளேபாங் சாலையில் ஒரு கடை புகழ் பெற்றதும் அதே பொருளோடு அடுத்தடுத்துக் கடைகள் முளைத்தன. கடன் தொகையைக் கூட்டினால் கடைகள் கூடும், வாங்குபவர் கூடமாட்டார். போதாததற்கு, கடை போட்ட இடம் வாடகை. நகராண்மைக் கழகம் உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் லயத்தில் இருந்த அதே நிலைதான்.

ஒப்பீட்டுக்கு ஒன்று: 2013இல் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி; 2025 பிப்ரவரியில் 1,700. பத்தாண்டுக்கு முந்தைய 350 வெள்ளி அடிப்படையோடு 900ஐ வைத்துப் பார்த்தால், எந்தக் குறுங்கடனும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு சீரான மாத உயர்வைத் தந்ததாகச் சான்றில்லை. ஊதியமும் கடனும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது உண்மை. ஆனால் கொள்கை வகுப்பவர்கள் ஒன்றைப் பற்றிப் பேசும் உற்சாகத்தில் மற்றதைப் பற்றிப் பேசாதிருக்கும் வசதி கடனில் இருக்கிறது. முதலாளிகள் யாரும் கடன் திட்டத்தை எதிர்ப்பதில்லை.

7. எதை அளப்பது

‘பெண்’ திட்டம் எவ்வளவு வழங்கப்பட்டது, எத்தனை பேர் பெற்றார்கள், எவ்வளவு திரும்பியது என்ற மூன்று எண்களால் வெற்றியாக அறிவிக்கப்படக்கூடும். மூன்றும் நிறுவனத்தின் நலத்தைச் சொல்லும் எண்கள். மூன்றாண்டு கழித்து அந்தப் பெண்ணின் பெயரில் என்ன இருக்கிறது என்பதை அளக்க வேண்டும்: சேமிப்புக் கணக்கில் எவ்வளவு, வீடு யார் பெயரில், கடைக்கு நிலையான உரிமம் உண்டா, வேறு எங்கே கடன் பாக்கி. தவணை கட்ட நகை அடகுக்குப் போயிருந்தால், திரும்பிய விகிதம் முழுமையாக இருந்தும் குடும்பம் ஏழையாகியிருக்கும்.

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1961இல் தொழிலாளரின் பத்து வெள்ளியால் தோட்டம் வாங்க முடிந்தது, ஏனெனில் உரிமையாளர் விற்க அவசரப்பட்டார். இன்று மலாக்காவில் தோட்ட நிலத்தின் விலை வீட்டுமனை விலையை நோக்கி நிற்கிறது. கூட்டுறவால் அதை எட்ட முடியாது. இதை ஏற்கிறேன். எட்டக்கூடியவை சிறியவை: பத்துப் பெண்கள் சேர்ந்து எடுக்கும் ஒரு கடைமனை, பொதுச் சமையற்கூடம், கூட்டுறவின் பெயரில் நீண்டகாலக் குத்தகை. அமானா இக்தியாரின் ஐந்து பேர் குழு இன்று ஒருவர் கடனுக்கு மற்றவர் காவல் நிற்க மட்டும் பயன்படுகிறது. அதே குழு சேர்ந்து ஓர் உடைமையை வாங்கத் திட்ட விதிகள் இடம் கொடுக்குமா என்பதும், உறுப்பினர் கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிக்கும் பழைய கடன் சங்கப் பழக்கத்தை அதில் சேர்க்க முடியுமா என்பதும் அரசிடம் கேட்கப்பட வேண்டியவை. கேட்பதற்கு இடம் இருக்கிறது; 5 கோடி வெள்ளியின் விதிகள் சட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல, அலுவலகச் சுற்றறிக்கையில் மாற்றக்கூடியவை.